வரவுக்குத் தக்க செலவு: கால்பந்துக் கிளப்புகளின் கணக்கும் நியாயமும்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகளில் பலவும் ஜூன் 30ஆம் தேதியோடு கணக்காண்டை முடிக்கின்றன. 2024இல் அந்தத் தேதி நெருங்கிய நாள்களில் நடந்த கொடுக்கல் வாங்கலைக் கவனித்தவர்கள் குழம்பித்தான் போயிருப்பார்கள். ஆஸ்டன் வில்லா 18 வயது ஒமாரி கெல்லிமனைச் செல்சியிடம் ஏறத்தாழ 1.9 கோடி பவுண்டுக்கு விற்றது. பிரீமியர் லீக்கில் அவர் அதுவரை ஆடியவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். அதே சமயம் செல்சி, தன் அகாடமியில் வளர்ந்த இயன் மாட்சனை வில்லாவிடம் 3.75 கோடிக்கு விற்றது. வில்லாவின் டிம் இரோக்புனம் எவர்ட்டனுக்குப் போனார். எவர்ட்டனின் லூயிஸ் டாபின் வில்லாவுக்கு வந்தார். நியூகாசில் யுனைடெட் கடைசி நேரத்தில் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு விட்டுக்கொடுத்தது. ஆண்டர்சன் அந்த வட்டாரத்துப் பிள்ளை. சிறுவயதிலிருந்து அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர். அடுத்த ஆண்டே இங்கிலாந்து அணியிலும் இடம் பிடித்தார். அவரை விற்க நியூகாசிலில் யாருக்கும் மனமில்லை. ஆனாலும் விற்றார்கள்.

விற்க வைத்தது லீக்கின் செலவு விதி. கிளப்புகள் கைமீறிச் செலவழித்து அழிந்துவிடக் கூடாது, பணக்கார முதலாளிகள் பணத்தைக் கொட்டிப் போட்டியையே விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்ற இரண்டு காரணங்களைச் சொல்லிக் கொண்டுவந்த விதி அது. அந்த விதி ஊர்ப்பிள்ளையை விற்பவனுக்குப் பரிசு கொடுத்து, வைத்துக்கொள்பவனைத் தண்டிக்கிறது என்றால், அதை அடியிலிருந்து ஆராய வேண்டும்.

முதலில் கணக்கெழுதும் முறையைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். ஒரு வீரரை வாங்கக் கொடுத்த தொகையை அந்த ஆண்டின் செலவாக மொத்தமாக எழுதுவதில்லை. ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் பகிர்ந்து எழுதுவார்கள். 1.9 கோடிக்கு வாங்கிய கெல்லிமனை ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுச் செலவு 38 லட்சம்தான். விற்கும்போது கதை வேறு. கிடைத்த பணத்தில், இன்னும் எழுதித் தீராத பாக்கியைக் கழித்துவிட்டு மீதி முழுவதையும் அந்த ஆண்டே லாபமாகக் காட்டலாம். சொந்த அகாடமியில் வளர்ந்தவரை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. ஆகவே புத்தகத்தில் அவர் மதிப்பு பூஜ்யம். விற்ற தொகை முழுவதும் லாபம். இரண்டு கிளப்புகள் தங்கள் இளைஞர்களைப் பரஸ்பரம் விற்று வாங்கினால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் லாபம் காட்டும், ரொக்கம் பெரிதாகக் கைமாறாமலே. கணக்கியலின் இந்த முறை தவறில்லை. கால்பந்தின் நியாயத்தை அளக்க அதை அளவுகோலாக வைத்ததுதான் தவறு.

வீரருக்கு விலை வைப்பது கால்பந்தில் பழைய வழக்கம். 1905இல் ஆல்ஃப் காமன் சண்டர்லாந்திலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு 1,000 பவுண்டுக்குப் போனபோதே இங்கிலாந்தில் அது பெரும் விவாதமானது. 1979இல் டிரெவர் பிரான்சிஸ் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தபோது விலை 10 லட்சத்தைத் தொட்டது. 1995 டிசம்பரில் பெல்ஜிய வீரர் ஜான் மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அதிகாரத்தைக் கிளப்பிடமிருந்து வீரரிடம் மாற்றியது. ஒப்பந்தம் முடிந்த வீரரைப் பிடித்துவைத்துப் பணம் கேட்கக் கிளப்புக்கு உரிமையில்லை என்றது அது. நியாயமான தீர்ப்பு. அதன் பிறகு ஒப்பந்தம் முடிவதற்கு முன்னால் விற்றால்தான் காசு என்றாகி, நீண்ட ஒப்பந்தமும் பெரிய சம்பளமும் பெரிய விலையும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. தொலைக்காட்சி உரிமைப் பணம் ஒரு பக்கம் பெருகியது. 2003இல் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். 2008இல் அபுதாபி மான்செஸ்டர் சிட்டியையும், 2011இல் கத்தார் பாரிஸ் சான் ஜெர்மனையும் வாங்கின.

அதன் உச்சம் 2017 ஆகஸ்ட். ஸ்பெயினில் வீரர் ஒப்பந்தங்களில் விடுவிப்புத் தொகை ஒன்று எழுதப்படும்; அதைக் கட்டினால் வீரர் வெளியேறலாம். பார்சிலோனா நெய்மாருக்கு 22.2 கோடி யூரோ என்று எழுதி வைத்திருந்தது, யாராலும் கட்ட முடியாது என்ற நம்பிக்கையில். பாரிஸ் கட்டியது. நெய்மார் தரப்பு கொண்டுவந்த காசோலையை வாங்க ஸ்பெயின் லீக் அமைப்பான லா லிகா மறுக்க, பணம் நேராகப் பார்சிலோனாவிடம் போய்ச் சேர்ந்தது. முந்தைய ஆண்டு பால் போக்பாவுக்கு மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்த சாதனை விலை 10.5 கோடி யூரோ. ஒரே தாவலில் அது இரட்டிப்புக்கு மேல் போய்விட்டது. கைக்கு வந்த பணத்தைப் பார்சிலோனா உஸ்மான் டெம்பெலே, ஃபிலிப்பே கூட்டின்யோ இருவருக்காகவும் மாதங்களுக்குள் செலவழித்துத் தீர்த்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில், லியோனல் மெஸ்ஸியை வைத்துக்கொள்ள வழியில்லாமல் அவர் கண்ணீரோடு விடைபெற்றதை உலகமே பார்த்தது. கிளப்பின் கடன் 135 கோடி யூரோ என்று அதன் தலைவர் ஜுவான் லபோர்த்தா அப்போது அறிவித்தார்.

மெஸ்ஸியை வெளியேற்றியதும் ஒரு செலவு விதிதான். ஸ்பெயினின் லா லிகா சீசன் தொடங்கும் முன்பே ஒவ்வொரு கிளப்புக்கும் அணிச் செலவின் உச்சவரம்பை விதிக்கிறது. மீறினால் வீரரைப் பதிவு செய்யவே முடியாது. முடிந்த மூன்று ஆண்டுகளின் கணக்கை ஆராய்ந்து பிறகு தண்டிக்கும் இங்கிலாந்து முறையைவிட இது மேலானது என்பதே என் முடிவு. தண்டனைக்கு வேலையே இல்லாமல் குற்றத்தை வாசலிலேயே தடுத்துவிடுகிறது. பெரிய கிளப், சிறிய கிளப் என்ற பேதமும் இல்லை. மெஸ்ஸிக்கே அங்கே விலக்கு கிடைக்கவில்லை. ஆனால் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2022இல் பார்சிலோனா தன் உள்நாட்டுத் தொலைக்காட்சி வருவாயில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று, அந்தப் பணத்தைக் காட்டி வீரர்களை வாங்கியது. வருங்கால ரசிகனின் பணத்தை இன்றைய அணிக்காகச் செலவழிப்பது அது.

விதிகளே வேண்டாம் என்பவர்களுக்குப் போர்ட்ஸ்மத்தை நினைவூட்ட வேண்டும். 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப் அது. கோப்பை வென்ற அணியின் சம்பளத்தைத் தாங்கும் வருவாய் அதற்கு இல்லை. 2010 பிப்ரவரியில் கடன்காரர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்புத் தேடியது. பிரீமியர் லீக்கில் இருந்துகொண்டே அந்த நிலைக்குப் போன முதல் கிளப். ஒன்பது புள்ளிகள் பறிபோயின, தரமிறக்கப்பட்டது. அப்போது வெளியான கடன்காரர் பட்டியலில் வீரர்களும் பிற கிளப்புகளும் மட்டும் இல்லை. உள்ளூர்ச் சிறு வியாபாரிகள் இருந்தார்கள், மைதானத்தில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் இருந்தது. இங்கிலாந்துக் கால்பந்தின் நடைமுறைப்படி வீரருக்கும் பிற கிளப்புகளுக்கும் முழுப் பாக்கி போய்ச் சேரும். முதலுதவிக்காரர்கள் கிடைத்த சில்லறையோடு போக வேண்டியதுதான். அடுத்தது பரி. 1885இல் தொடங்கி, 1900இலும் 1903இலும் எஃப்.ஏ. கோப்பை வென்ற கிளப். கடனைத் தீர்க்க வழியில்லாமல் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. சனிக்கிழமை என்றால் மைதானம் என்று நான்கு தலைமுறை பழகிய ஊருக்கு அது என்ன இழப்பு என்பதை எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் எழுத முடியாது.

இந்த அழிவைத் தடுப்பதில் விதிகள் வேலை செய்திருக்கின்றன. மிஷேல் பிளாத்தினி தலைமையில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா கொண்டுவந்த நிதி ஒழுங்கு விதி 2011–12 சீசனின் கணக்கிலிருந்து அமலானது. 2011இல் ஐரோப்பிய முதல்நிலைக் கிளப்புகளின் மொத்த நட்டம் ஏறத்தாழ 170 கோடி யூரோ. 2017இல் அதே கிளப்புகள் சேர்ந்து ஏறத்தாழ 60 கோடி யூரோ லாபம் காட்டின. தொலைக்காட்சிப் பணம் பெருகியதும் இதற்கு ஒரு காரணம் என்றாலும், வந்த பணத்தை முழுதாகச் செலவழிக்காமல் நிறுத்தியதில் விதியின் பங்கு உண்டு. அதை மறுப்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது.

போட்டியின் நியாயம் என்று வரும்போதுதான் இந்த விதிகள் கைவிடுகின்றன. யூஃபாவின் இப்போதைய விதியை எடுத்துக்கொள்வோம். வீரர் சம்பளம், வாங்கிய விலையின் ஆண்டுப் பங்கு, முகவர் கட்டணம் எல்லாம் சேர்ந்து கிளப்பின் வருவாயில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2023–24இல் 90 சதவீதம் என்று தொடங்கிப் படிப்படியாக இறக்கினார்கள். எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்பதால் சமமாகத் தெரிகிறது. 2023–24இல் ரியால் மாட்ரிட்டின் வருவாய் 100 கோடி யூரோவைக் கடந்தது. அதற்கு 70 கோடி செலவழிக்க அனுமதி. 20 கோடி வருவாய் உள்ள கிளப்புக்கு 14 கோடி. இரண்டுக்கும் இடையே உள்ள 56 கோடியைச் சின்னக் கிளப் தன் உழைப்பால் மட்டும் நிரப்ப வேண்டும். வருவாய் பெருக வேண்டுமானால் சாம்பியன்ஸ் லீக்கில் ஆட வேண்டும். அங்கே போக நல்ல வீரர்கள் வேண்டும். வீரர்களை வாங்க வருவாய் வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு ஏணி, வெளியே இருப்பவர்களுக்குச் சுவர்.

பொருளாதார அறிஞர் ஸ்டெஃபன் சிமன்ஸ்கி இங்கிலாந்துக் கிளப்புகளின் பல பத்தாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து ஒன்றைக் காட்டியிருக்கிறார். நீண்ட காலச் சராசரியில், கிளப் எந்த இடத்தில் முடிக்கிறது என்பதில் ஏறத்தாழ 90 சதவீத வேறுபாட்டை அது கொடுக்கும் சம்பளமே விளக்கிவிடுகிறது. டிரான்ஸ்ஃபர் விலைக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு அதைவிட மிகவும் பலவீனம். தலைப்புச் செய்தியாகும் விலைகளைவிட, ஆண்டுதோறும் அமைதியாகப் போகும் சம்பளமே வெற்றியைத் தீர்மானிக்கிறது. சம்பளத்தை வருவாயோடு கட்டிப்போட்டால் தரவரிசையையும் வருவாயோடு கட்டிப்போட்டதாகிறது. 2016இல் லெஸ்டர் சிட்டி பட்டம் வென்ற அதிசயம் எப்போதாவது நடக்கும். அதை நம்பி ஒரு லீக்கின் நியாயத்தை எடைபோட முடியாது.

இன்னொரு அநீதி அதிகம் பேசப்படுவதில்லை. 2005இல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெடை ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடன் கிளப்பின் தலையிலேயே ஏற்றப்பட்டது. அதற்கு முன் கடனே இல்லாமலிருந்த கிளப், பிறகு ஆண்டுக்கு ஆண்டு வட்டி கட்டியது. கிளப்பிலிருந்து பணத்தை உறிஞ்சும் இந்த முதலாளியைச் செலவு விதி தடுப்பதில்லை, ஏனென்றால் யுனைடெடின் வருவாய் அதைத் தாங்கிவிடுகிறது. தன் சொந்தப் பணத்தை, திரும்பக் கேட்காத முதலாகப் போட்டு நடுத்தரக் கிளப்பை உயர்த்த நினைப்பவரை அதே விதி தடுக்கிறது. பிரீமியர் லீக்கின் லாப–நிலைத்தன்மை விதிப்படி மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் கூடாது. 2013இல் வைத்த தொகை அது. சம்பளமும் வீரர் விலையும் எங்கேயோ போய்விட்ட பிறகும் அந்தத் தொகை நகரவில்லை. அரசுகளின் பணத்தைக் கால்பந்துக்குள் திறந்துவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நியூகாசிலின் பெரும்பான்மை உரிமையாளர் 2021இலிருந்து சவூதியின் பொது முதலீட்டு நிதியம். வரம்பே இல்லையென்றால் என்னவாகும் என்பதற்கு அதுவே போதுமான எச்சரிக்கை. ஆனால் முதலாளி போடும் பணத்தில் கடனையும் முதலையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல.

விதி எழுதுவது ஒன்று, அதை நிறைவேற்றுவது வேறு. எவர்ட்டன் மீது 2023 மார்ச்சில் குற்றம் சாட்டினார்கள். மூன்று ஆண்டு நட்டம் 12.45 கோடி, வரம்பைவிட 1.95 கோடி அதிகம். நவம்பரில் 10 புள்ளிகளைப் பறித்தார்கள். பிரீமியர் லீக் வரலாற்றில் அதுவரை அத்தனை பெரிய தண்டனை இல்லை. அந்த மாதமே குடிசன் பார்க்கில் ரசிகர்கள் லீக்கை ஊழல் என்று சாடும் இளஞ்சிவப்பு அட்டைகளைத் தூக்கிப்பிடித்து நின்றார்கள். மேல்முறையீட்டில் 10 ஆறாகக் குறைந்தது. பிறகு அடுத்த கணக்குக்காக இன்னும் இரண்டு புள்ளிகள் போயின. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மீது 2024 ஜனவரியில் குற்றச்சாட்டு, மார்ச்சில் நான்கு புள்ளிகள் காலி. தன் வீரர் பிரென்னன் ஜான்சனை ஜூனுக்குள் விற்றிருந்தால் விலை குறைவாகத்தான் கிடைத்திருக்கும், செப்டம்பர் வரை பொறுத்ததால் டாட்டன்ஹாமிடமிருந்து ஏறத்தாழ 4.75 கோடி கிடைத்தது, கிளப்பின் நிதிநிலைக்கு அதுதானே நல்லது என்று ஃபாரஸ்ட் வாதிட்டது. விசாரணைக் குழு ஏற்கவில்லை. ஃபாரஸ்டுக்கு அனுமதித்த நட்டமே 6.1 கோடிதான், இரண்டு ஆண்டுகள் அது இரண்டாம் நிலை லீக்கில் இருந்ததால் மற்றவர்களைவிடக் குறைந்த வரம்பு. மேலே ஏறி வந்தவர்களுக்குக் கூடுதல் இறுக்கம்.

மான்செஸ்டர் சிட்டியின் வழக்கை இதோடு ஒப்பிட்டுப் பார்க்காதவர் இங்கிலாந்தில் இல்லை. 2020 பிப்ரவரியில் நிதி விதிகளை மீறியதாக யூஃபா அதற்கு இரண்டு ஆண்டுத் தடையும் 3 கோடி யூரோ அபராதமும் விதித்தது. ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் தடையை நீக்கி அபராதத்தை 1 கோடியாக்கியது; குற்றச்சாட்டுகளில் சில நிரூபிக்கப்படவில்லை, சில காலவரம்பு கடந்தவை என்றது. 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் 2009இலிருந்து நீளும் நூற்றுக்கு மேற்பட்ட விதிமீறல்களைச் சுமத்தியது. கிளப் எல்லாவற்றையும் மறுத்தது. விசாரணை அமர்வு தொடங்கவே 2024 செப்டம்பர் ஆனது. எவர்ட்டனும் ஃபாரஸ்டும் வரம்பு மீறியதை ஒப்புக்கொண்டவை, சிட்டி உண்மைகளையே மறுக்கிறது, ஆகவே தாமதம் இயல்பு என்பது நேர்மையான பதில்தான். சிட்டி குற்றவாளி என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கணக்கை மறைக்காமல் கொடுத்து ஒப்புக்கொண்டவர் எட்டு மாதத்தில் தண்டிக்கப்படும்போது, வழக்கறிஞர் படையோடு வருபவருக்கு ஆண்டுகள் கிடைக்கின்றன. அந்த ஆண்டுகளில் கோப்பைகள் கொடுக்கப்படுகின்றன, வேறு அணிகள் தரமிறங்குகின்றன. எந்தத் தீர்ப்பும் அவற்றைத் திருப்பித் தர முடியாது.

ஓட்டைகளுக்குக் குறைவில்லை. 2022இல் கைமாறிய செல்சி, என்ஸோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடி பவுண்டுக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2.1 கோடிக்கு மேல். எட்டரைக்குப் பகிர்ந்தால் 1.26 கோடிக்கும் குறைவு. யூஃபாவும் பிறகு பிரீமியர் லீக்கும் ஐந்தாண்டு வரம்பு வைத்தன. உடனே வேறு வழி வந்தது. மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைச் செல்சி தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடிக்கு விற்றது. பிறகு மகளிர் அணியையும் தாய் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 20 கோடிக்கு விற்றது. வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிய பணம் லாபமானது. பிரீமியர் லீக் விதி அதைத் தடுக்கவில்லை. யூஃபா அப்படிப்பட்ட விற்பனையை வருவாயாக ஏற்பதில்லை. 2025 ஜூலையில் செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. நூறு கோடிக் கணக்கில் வீரர் வாங்கும் கிளப்புக்கு இந்த அபராதம் ஒரு நடுத்தர வீரரின் விலை. புள்ளிக் குறைப்பு வலிக்கும், அபராதம் வலிக்காது.

உரிமையை ரசிகர்களிடம் வைத்தால் எல்லாம் சரியாகும் என்போர் ஜெர்மனியைக் காட்டுவார்கள். அங்கே வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் போலச் சில விலக்குகள் உண்டு. டிக்கெட் விலைக்கும் மைதான உயிர்ப்புக்கும் அது நல்ல ஏற்பாடு. போட்டிச் சமநிலைக்கு அது மருந்தில்லை. 2013இலிருந்து 2023 வரை தொடர்ந்து பதினொரு பட்டங்களும் பேயர்ன் மியூனிக்குக்கே. ஐபிஎல் ஏலத்தில் பத்து அணிகளுக்கும் ஒரே கையிருப்பு, 2025க்கு 120 கோடி ரூபாய் என்று பார்த்துப் பழகிய நமக்கு, அதையே அங்கேயும் செய்தால் என்ன என்று தோன்றும். ஐபிஎல்லில் தரமிறக்கம் கிடையாது, வீரரைக் கவர்ந்துகொண்டுபோக அதற்கு இணையான இன்னொரு லீக்கும் கிடையாது. ஐரோப்பாவில் இரண்டும் உண்டு. ஆகவே அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

ஆனாலும் தொகையில் உச்சவரம்பு வைக்கும் யோசனை ஐரோப்பாவிலும் வந்தது. லீக்கில் கடைசி இடத்தில் இருக்கும் கிளப் பெறும் தொலைக்காட்சி, பரிசுப் பணத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் எந்தக் கிளப்பும் அணிக்குச் செலவழிக்கக் கூடாது என்பது பிரீமியர் லீக்கில் முன்வைத்த திட்டம். இதைத்தான் நான் சரியென்று நினைக்கிறேன். சதவீதத்தைப் போல இது இடைவெளியை விரியவிடாது. ஹோட்டலை விற்றாலும் ஸ்பான்சர் பணத்தை ஊதினாலும் இதில் பயனில்லை. பெரிய கிளப் கூடுதலாகச் செலவழிக்க விரும்பினால் கடைசிக் கிளப்பின் பங்கை உயர்த்த அது வாக்களிக்க வேண்டியிருக்கும். வீரர் சங்கம் இதை எதிர்த்தது; சம்பளத்துக்குக் கூரை போடுவதற்கு முன் எங்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. அமெரிக்கக் கால்பந்து லீக்கில் வரம்பு சங்கத்தோடு போட்ட ஒப்பந்தமாகவே இருக்கிறது. இங்கும் அப்படித்தான் செய்ய வேண்டும். 2025 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. 20இல் 14 வாக்குகள் வேண்டும். வருவாயில் 85 சதவீதம் என்ற விகித வரம்பு தேறியது. 2026–27இலிருந்து பழைய நட்ட வரம்பின் இடத்தில் அது வரும் என்று முடிவானது. ஐந்து மடங்கு வரம்பு தோற்றது.

வீரரை உருவாக்கிய சிறு கிளப்புகளின் பங்கையும் இதோடு பேச வேண்டும். ஃபிஃபா விதிப்படி, நாடு விட்டு நாடு போகும் வீரரின் விலையில் 5 சதவீதம், 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவருக்குப் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 10 கோடி யூரோ டிரான்ஸ்ஃபரில், 14 வயதில் ஓராண்டு பயிற்சி கொடுத்த கிளப்புக்குச் சேர்வது இரண்டரை லட்சம் யூரோ. ஏழை நாட்டுக் கிளப்புக்கு அதுவே ஒரு மைதானம் போடப் போதும். மொய்சேஸ் கைசேடோ 2021இல் ஈக்வடாரின் இண்டிபெண்டியன்டே டெல் வாயே கிளப்பிலிருந்து பிரைட்டனுக்கு ஏறத்தாழ 45 லட்சம் பவுண்டுக்கு வந்து, 2023இல் செல்சிக்குப் போனபோது விலை 11.5 கோடி வரை ஏறியது. அவரை உருவாக்கிய ஊருக்கும் அவரை விற்ற ஊருக்கும் கிடைத்தவற்றை ஒப்பிட்டால், 5 சதவீதத்தை 10 ஆக்கக் கேட்பது பேராசையாகாது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2025 ஜூலையில் இயற்றிய சட்டம் கால்பந்துக்குச் சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியிருக்கிறது. பிரீமியர் லீக்கும் கீழ்நிலை லீக்குகளும் பணப் பங்கீட்டில் உடன்படாவிட்டால் தலையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. கிளப்புகள் தங்களுக்கே விதி எழுதி, தாங்களே வாக்களித்து, தாங்களே ஓட்டையை அடைக்க மறுக்கும் ஏற்பாட்டிலிருந்து நியாயம் பிறக்கவில்லை என்பதைப் பத்தாண்டுக்கு மேலான அனுபவம் காட்டிவிட்டது. அந்த அமைப்பு தன் பங்கீட்டு அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். அகாடமி வீரரின் விற்பனையை ஒரே ஆண்டின் லாபமாகக் காட்டும் சலுகையையும், சொந்த நிறுவனத்துக்கே சொத்தை விற்றுக்கொள்ளும் வழியையும் பிரீமியர் லீக் மூட வேண்டும். நவம்பரில் தோற்ற ஐந்து மடங்கு வரம்பை, வீரர் சங்கத்தையும் மேசையில் உட்காரவைத்து, மறுபடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.